ஒரு நாள் ஊர் சுற்றல்: மதுரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

காலாண்டுப் பரீட்சை முடியப் போகிறது என்றாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி "பிள்ளைகளை எங்கே கூட்டிப் போறது?" என்றுதான் இருக்கும். இந்தத் தடவை மதுரையில் இருந்து வந்தவற்றையும், மதுரைக்கு விருந்தாளியாக வரப் போகிறவர்கள் அனுப்பியவற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற தூரம், அவ்வளவுதான் கணக்கு.

திருப்பூரில் இருந்து நாத்தனார் குடும்பமும் கோவையில் இருந்து தம்பி குடும்பமும் வருகிறார்கள். எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். நாலு வயசில் இருந்து பன்னிரண்டு வயசு வரை அஞ்சு பிள்ளைகள், முழங்கால் வலியோடு என் அத்தை. போன வருஷம் ஒரே நாளில் கோயில், மஹால், காந்தி மியூசியம், அழகர்கோவில், திருப்பரங்குன்றம் என்று அஞ்சு இடம் போய், சாயங்காலம் ஆளாளுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம். இந்த வருஷம் எப்படித் திட்டம் போடலாம்?
— வாசகி, வில்லாபுரம்

பதினோரு பேர் செருப்பு மாட்டி, பாத்ரூம் போய்விட்டு, வண்டியில் ஏறி உட்கார ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஆகும். அஞ்சு இடம் என்றால் அதிலேயே பாதி நாள் போச்சு. மீதிப் பாதி நாளும் உச்சி வெயிலில். சண்டை வராமல் என்ன செய்யும்? அதனால் இடத்தைக் குறையுங்கள். நம்ம ஊரில் செப்டம்பர் கடைசியிலும் பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், சாயங்காலம் திடீரென்று மழையும் வரும். காலையில் ஒரு மலை, மத்தியானம் கூரைக்குக் கீழே, வெயில் தாழ்ந்த பிறகு தண்ணி இருக்கிற இடம். இதற்குள் அடங்கினால் போங்கள், அடங்காததை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

காலையில் கீழக்குயில்குடி. நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிற சமணர் மலைதான். ஆறரைக்கு மலையடிவாரத்தில் இருக்கிற மாதிரி கிளம்பிவிடுங்கள், இட்லியைக் கட்டி எடுத்துக்கொண்டு போனால் காலைச் சாப்பாடும் அங்கேயே. அடிவாரத்தில் தாமரைக் குளம், அதை ஒட்டி அய்யனார் கோயில், பக்கத்தில் விழுது இறங்கின பெரிய ஆலமரங்கள். உங்கள் அத்தை மலை ஏறவே வேண்டாம், ஆலமர நிழலில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து தாமரை விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் அது ஒரு நல்ல காலைப்பொழுது. துணைக்கு ஒரு பெரியவர் இருக்கட்டும், நாலு வயசுப் பிள்ளையையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் பாறையில் வெட்டியிருக்கிற படியில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற சுனை வரும். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆனவை. அதில் ஒரு சிற்பத்தை அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்து வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நான் முதல் தடவை போனபோது கூட வந்த ஒருவர் இதைப் படித்துக் காட்டினார். எத்தனையோ ராஜாக்கள் பேர் மறந்து போச்சு, ஆனால் துறவியாகிப் போன பிள்ளைக்கு ஒரு அம்மா வைத்த கல்லில் அவள் பேர் அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள், எழுத்தைத் தொடாமல் விரலால் காற்றிலேயே எழுதிப் பார்க்கட்டும். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்கிற குகையில் பெரிய மகாவீரர் சிற்பம் இருக்கிறது, அதற்குக் கீழிருந்தே தனிப் படி, ஏற்றமும் குறைவு. ஒன்பது மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிடும், அதற்குள் இறங்கிவிட வேண்டும். அங்கே சில இடத்தில் பாறை வழுக்கும், கைப்பிடியும் எல்லா இடத்திலும் கிடையாது, சின்னப் பிள்ளைகளின் கையை விடக் கூடாது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். விடுமுறையில் தூங்குவது நேரத்தை வீணாக்குவது என்று நினைக்காதீர்கள், சாயங்காலம் யாரும் மூஞ்சியைத் தூக்காமல் இருக்க இந்த ஒரு மணி நேரம்தான் காரணமாக இருக்கும். மூன்று மணிக்குக் காந்தி மியூசியம். போன வருஷமே போனோமே என்பீர்கள், அஞ்சு இடத்துக்கு நடுவே ஓடி ஓடிப் பார்த்தது பார்த்ததாகாது. அது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை, 1959-ல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அது புரியும், அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: 1921 செப்டம்பர் 22-ம் தேதி, நம்ம மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டை, தலைப்பாகையை விட்டுவிட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்த வீட்டில் இப்போது கதர்க் கடை நடக்கிறது. உங்கள் விருந்தாளிகளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் தெப்பக்குளம். அஞ்சரை மணிக்கு மேல் போங்கள். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது, மஹால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த இடம் என்றும், தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் இன்றைக்கு மீனாட்சி அம்மன் கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். தண்ணி நிறைந்திருந்தால் படகு விடுவார்கள், நடு மண்டபத்தின் விளக்கு தண்ணியில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து சுண்டலும் அவித்த கடலையும் சாப்பிடலாம். அத்தையும் கல்லில் உட்கார்ந்துகொள்வார்கள். நாள் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள்.

நான் அஞ்சாங் கிளாஸ். அப்பா கீழடிக்குக் கூட்டிப் போறேன்னு சொல்றார். அங்க உடைஞ்ச பானை ஓடுதான் இருக்கு, போர் அடிக்கும்னு எங்க அண்ணன் சொல்றான். நிஜமா அக்கா?
— அய்யர் பங்களாவில் இருந்து ஒரு தம்பி

உடைஞ்ச பானை ஓடு நிறைய இருக்கு தம்பி, அண்ணன் சொல்றது சரிதான். ஆனா அந்த ஓட்டுல என்ன இருக்குன்னு குனிஞ்சு பார்க்கணும். சிலதுல பேர் எழுதியிருக்கும். "ஆதன்" என்று ஒரு பேர். உன் டிபன் பாக்ஸ்ல, தண்ணி பாட்டில்ல உன் பேரை எழுதி வச்சிருக்க இல்லையா, அதே மாதிரி ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் தன் பானையில் தமிழி எழுத்தில், அதாவது அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தில், பேரைக் கீறி வச்சிருக்கார். அரசர் இல்லை, புலவர் இல்லை, பானை வச்சிருந்த ஒருத்தர். அவருக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு.

அப்புறம் தாயக்கட்டை இருக்கு. உங்க அப்பத்தா வீட்டில் தாயம் விளையாடுவாங்களா? அதே விளையாட்டுக்குத் தந்தத்தில் செஞ்ச கட்டை. பானை ஓட்டை வட்டமா உரசி எடுத்த சில்லுகள் இருக்கு, பாண்டி விளையாட எடுப்போமே, அது போலவே. நூல் நூற்கிற தக்களி, சிவப்பு சூதுபவள மணி, கொஞ்சம் தங்கம், திமில் வச்ச காளையோட எலும்பு எல்லாம் தோண்டும்போது கிடைச்சது. சிலைமான் தாண்டி, தென்னந்தோப்புக்குள் ரொம்ப நாள் தூங்கிக் கிடந்த ஊர் அது. 2015-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சது, பிறகு மாநிலத் தொல்லியல் துறை எடுத்துக்கிட்டது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைச்ச ஒரு கரித்துண்டைச் சோதிச்சுப் பார்த்து, கி.மு. 580 என்று காலம் கணிச்சாங்க. 353 சென்டிமீட்டர் என்றால் உங்க அப்பா தலைக்கு மேல் இன்னொரு அப்பா நிற்கிற ஆழம்.

அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமா கட்டியிருக்காங்க, வெயில் நேரத்திலும் சுத்திப் பார்க்கலாம். போறதுக்கு முன்னாடி தமிழி எழுத்தில் அ, ஆ, த, ன எப்படி இருக்கும்னு ஒரு தாளில் வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போ. அங்கே போய் ஓட்டில் இருக்கிறதை நீயே படிச்சுட்டு அண்ணனுக்குச் சொல்லு.

(தம்பியின் அப்பாவுக்கு: எல்லா அறையையும் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடித்து இழுக்காதீர்கள். பிள்ளை எந்தப் பெட்டி முன்னால் நின்றுவிடுகிறதோ அங்கேயே நில்லுங்கள். ஒன்றரை மணி நேரம் தாராளம்.)

அழகர்கோவில் குரங்குகளுக்குப் பயந்தே என் மகள் வர மாட்டேன் என்கிறாள். ஆறு வயசு. பழமுதிர்சோலை வரை போக ஆசை. என்ன செய்யலாம்?
— வாசகர், ஆனையூர்

பயம் நியாயமானதுதான், ஏனென்றால் அவை பறிக்கும். என் தோளில் தொங்கின பிளாஸ்டிக் பையை ஒரு குரங்கு இழுத்துக் கிழித்து, உள்ளே இருந்த வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாவகாசமாக மதில் மேல் ஏறினது. அன்றில் இருந்து நான் செய்வது இது: பிளாஸ்டிக் பை கூடாது, துணிப்பையோ முதுகுப்பையோ ஜிப் போட்டு மூடியிருக்க வேண்டும், கையில் பாட்டில், சிப்ஸ் எதுவும் தெரியக் கூடாது, சாப்பிடுவது வண்டிக்குள் மட்டும். யாராவது பொரி போட்டுக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். குரங்கு கிட்டே வந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடங்கள், ஓட வேண்டாம், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம், குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பு.

மதுரையில் இருந்து 21 கிலோமீட்டர்தான். எட்டு மணிக்குக் கோயிலில் இருங்கள். முதலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி வாசல். உள்ளே சிலையைத் தேடாதீர்கள், சந்தனம் பூசின அந்தக் கதவுகளுக்குத்தான் பூசை. ஆள் உயர அரிவாள்களைப் பார்த்துப் பிள்ளை கேள்வி கேட்பாள், நேர்ந்துகொண்டவர்கள் கொண்டு வந்து வைத்தது என்று சொல்லுங்கள். அடுத்து மலை மேல் பழமுதிர்சோலை. வண்டியில் போகிறபோதே "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா" கதையைச் சொல்லிக்கொண்டே போனால், நாவல் மரத்தைக் காட்டும்போது அவளே அவ்வையாராகிவிடுவாள். குரங்கு மறந்து போகும். அதற்கும் மேலே நூபுர கங்கை, ராக்காயி அம்மன் சந்நிதி. மலையில் இருந்து வருகிற தண்ணி சில்லென்று இருக்கும், மாற்றுத் துணி எடுத்துப் போங்கள்.

கீழே இறங்கினதும் கோயில் பிரசாத தோசை. தோசை என்றால் வீட்டில் சுடுவது மாதிரி இல்லை, அடை போலக் கனமாக, தோல் உளுந்தும் மிளகும் போட்டு நெய்யில் வெந்தது. ஓரம் கருக்கென்று கடிபடும், நடுவில் மெத்தென்று இருக்கும், மிளகுக் காரம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாக்குக்குத் தெரியும். சட்னி கேட்காதீர்கள். ஒன்று வாங்கினால் மூன்று பேர் பிய்த்துக்கொள்ளலாம்.

ஜிகர்தண்டா குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமா?
— வாசகி, தேனி

ஏற்கெனவே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தால் வேண்டாம், பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள், சுக்கும் கருப்பட்டியுமாகச் சூடாக இருக்கும். நல்லா இருக்கிற பிள்ளை என்றால் விளக்குத்தூண் பக்கம் ஒரு டம்ளரை இரண்டு பேராகப் பங்கு போட்டுக் குடிக்கட்டும்.

மேலூர்ப் பக்கத்தை ஏன் எப்போதும் மறந்துவிடுகிறீர்கள்? எங்கள் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லையா?
— வாசகர், மேலூர்

இருக்கிறது ஐயா, நிறையவே இருக்கிறது. மறக்கவில்லை, எழுதுவதற்குத் தயங்கினேன். அரிட்டாபட்டியைப் பற்றி நான் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது வேன் ஸ்பீக்கரோடு அங்கே போய் இறங்கினால் என் மனசு தாங்காது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எழுதாமல் இருப்பதும் தப்பாகத் தெரிகிறது.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும்தான். ஏழு மலை, அதில் இருந்து வழிகிற சுனைகள், அந்தத் தண்ணியைப் பிடித்து வைக்கிற கண்மாய்கள். 250 வகைப் பறவை அங்கே கணக்கில் இருக்கிறது, லகுடு வல்லூறு மாதிரி அரிதான வேட்டைப் பறவைகள் அந்தப் பாறைகளில் கூடு கட்டுகின்றன. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று, வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் பாசுபத சைவர்களின் குருவான இலகுலீசர். இலகுலீசரைச் சிற்பமாக நம்ம பக்கம் அதிகம் பார்க்க முடியாது. கழிஞ்சமலையில் சமணர் குகையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. 2024 கடைசியில் இங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று தெரிந்ததும் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் திரண்டு நின்றதும், மறு வருஷம் ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்து போனவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள். மற்ற வாசகர்கள் அந்த மலையைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் டீக்கடையில் வண்டியை நிறுத்தி ஒரு டீ சொல்லி, வழி கேளுங்கள். ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு பாறையும் பேர் சொல்லித் தெரியும், வேலை இல்லாத ஒருவர் கூட வந்தார் என்றால் அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்க மாட்டார், அவர் நேரத்துக்கு மரியாதையாக ஏதாவது கொடுங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். பாட்டு வேண்டாம். கொண்டு போன தண்ணி பாட்டிலும் பிஸ்கட் கவரும் உங்களோடே திரும்பி வர வேண்டும்.

இன்னொன்று, இது மேலூர் மட்டும் இல்லை, எல்லாப் பக்கத்துக்கும். கண்மாய், ஊருணி, பழைய கல் குவாரிக் கிடங்கு எதிலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். கிடங்குத் தண்ணி பார்க்கப் பச்சையாக, அமைதியாக இருக்கும், ஓரத்திலேயே இருபது முப்பது அடி பள்ளம் இருக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்களே தடுமாறுகிற இடம் அது.

குட்லாடம்பட்டி அருவிக்கு இந்த லீவில் போகலாமா?
— வாசகர், சமயநல்லூர்

சிறுமலையில் நல்ல மழை பெய்தால்தான் அதில் தண்ணி. கிளம்புவதற்கு முன்னால் வாடிப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் யாருக்காவது போன் போட்டு, தண்ணி விழுகிறதா, உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் போய்க் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறைய.

கட்டட வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. மனைவி, ஏழு வயசு மகள், மூன்று வயசு மகன். ஐநூறு ரூபாய்க்குள் ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வர முடியுமா? பூங்கா, மால் எல்லாம் உள்ளே போனாலே காசு கரைகிறது.
— வாசகர், அவனியாபுரம்

முடியும், முந்நூறிலேயே முடியும். டவுன் பஸ்ஸில் போங்கள். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் டிக்கெட் கிடையாது, அஞ்சு வயசு வரை பிள்ளைகளுக்கும் கிடையாது. அப்படியானால் நாலு பேரில் டிக்கெட் எடுப்பது நீங்கள் மட்டும்தான்.

காலையில் புது நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2023 ஜூலை 15-ல், காமராஜர் பிறந்த நாளில் திறந்தது. உள்ளே போகக் காசு இல்லை. நூலகம் என்றதும் 'நமக்கு எதற்கு' என்று நினைத்துவிடாதீர்கள், சிறுவர்களுக்கு என்று தனிப் பகுதி இருக்கிறது, குட்டி நாற்காலியும் படம் போட்ட புத்தகமுமாக. ஏழு வயசுப் பிள்ளை இஷ்டத்துக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்டலாம், மூன்று வயசுக்காரர் படம் பார்ப்பார். ஏசி இருக்கிறது, சுத்தமான கழிப்பறை இருக்கிறது, கைப்பிள்ளையோடு வெளியே போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் மனைவிக்குத் தெரியும். யாரும் உங்களை ஏன் வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். நீங்களும் ஒரு நாள் அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பாருங்கள், 2 லட்சம் சதுர அடிக்கு மேல் உங்களைப் போன்றவர்கள் கட்டியது, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற வேலைப்பாடு எங்கள் யாருக்கும் தெரியாது. அதை மகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள், இந்தத் தூணுக்குக் கம்பி எப்படிக் கட்டுவார்கள், இந்த உயரத்துக்குக் கலவை எப்படி ஏறும் என்று. அவள் பள்ளிக்கூடத்தில் போய் அதைத்தான் முதலில் சொல்வாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி எடுத்துப் போய், நூலகத்துக்கு வெளியே வந்து சாப்பிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் பஸ் ஏறித் தெப்பக்குளம். ஆளுக்கு ஒரு பஞ்சுமிட்டாய், படகு ஓடினால் படகு, ராத்திரி திரும்பும்போது ரோட்டுக்கடையில் நாலு பேருக்கும் சூடாக இட்லி. மீதிக் காசு சட்டைப் பையில் இருக்கும்.

ரயில் என்றால் உயிரை விடுகிற இரண்டு பையன்கள் எனக்கு. ரயிலுக்காகவே ஒரு பயணம் சொல்லுங்களேன்.
— வாசகி, செல்லூர்

போடிநாயக்கனூர் ரயில். 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள், பன்னிரண்டு வருஷம் அந்தத் தடம் ரயில் இல்லாமல் கிடந்தது, 2022 மே மாதம் தேனி வரைக்கும் 2023 ஜூனில் போடி வரைக்கும் அகல ரயில் வந்தது. முதல் நாள் ரயிலைப் பார்க்கத் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஜனம் நின்றது. காலையில் மதுரையில் ஏறினால் சாயங்காலம் திரும்பலாம், டிக்கெட்டும் குறைவு. உசிலம்பட்டியைத் தாண்டினதும் பையன்களை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் மலை இரண்டு பக்கமும் கிட்டே வந்து, பாறையைக் குடைந்த வெட்டுக்குள் ரயில் நுழையும், அது தாண்டினதும் காற்றே மாறும், மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக எதிரே எழுந்து நிற்கும். போடி வரை போக வேண்டாம் என்றால் ஆண்டிபட்டியிலேயே இறங்கிப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வைகை அணைக்குப் போய்விடலாம். 1959-ல் திறந்த அணை, 71 அடி வரை தண்ணி தேக்குவார்கள், இரண்டு கரையிலும் பூங்கா. அங்கே பொரிக்கிற மீனின் வாசனை வெகு தூரத்துக்கு வரும். திரும்புகிற ரயில் நேரத்தைக் கிளம்பும்போதே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதை விட்டால் பஸ்தான், பையன்கள் அழுவார்கள்.

எண்பது வயசு அப்பாவை மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும். கூட்டத்தில் நிற்க முடியாது.
— வாசகர், சிவகாசி

விடுமுறை நாள், வெள்ளி, ஞாயிறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு செவ்வாயோ புதனோ, காலை ஆறு மணிக்கெல்லாம் வாசலில் இருங்கள். மத்தியானம் பன்னிரண்டரையில் இருந்து நாலு வரை நடை சாத்தியிருக்கும், அந்த நேரத்துக்கு வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். செல்போன் உள்ளே விட மாட்டார்கள், அதை வைக்கிற வரிசையிலேயே கால் வலித்துவிடும், அதனால் போனை வண்டியிலோ தங்கின இடத்திலோ விட்டுவிடுங்கள். சாமி கும்பிட்ட பிறகு பொற்றாமரைக் குளத்துப் படியில் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு நீங்களும் உட்காருங்கள். அவர் சின்ன வயசில் இந்தக் கோயிலுக்கு வந்த கதை ஏதாவது இருக்கும், அங்கே உட்கார்ந்தால் அது தானாக வரும்.

நவராத்திரிக்குப் பொம்மை வாங்க வேண்டும். புது மண்டபம் பக்கம் போனால் போதுமா?
— வாசகி, கே.கே. நகர்

ஒரு தடவை விளாச்சேரிக்கே போய் வாங்குங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில், பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர். அங்கே தெருவில் வீட்டுக்கு வீடு களிமண் குழைகிறது. நான் போன வீட்டுத் திண்ணையில் தலை ஒட்டாத நாற்பது தசாவதாரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, உள்ளே ஒரு அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மெல்லிய தூரிகையில் கண் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொம்மைக்கு இரண்டு புள்ளி, இரண்டு வளைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதிவிட்டு, எழுதி முடித்த பிறகுதான் எங்களை நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்றார்கள். கூட வந்த பிள்ளைக்கு ஒரு உருண்டை மண் கொடுத்தார்கள், அவன் செய்தது பிள்ளையாரா யானையா என்று இன்னும் முடிவாகவில்லை, ஆனால் எங்கள் கொலுவில் மூன்றாம் படியில் அது இருக்கிறது. நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே போங்கள், கடைசி நாட்களில் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. விலையில் ரொம்பவும் அடித்துப் பேசாதீர்கள்.

இந்த லீவில் எங்கேயும் போக முடியாது, பாட்டிக்கு ஆபரேஷன். நவம்பர், டிசம்பரில் போகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?
— வாசகி, திருநகர்

பாட்டி நல்லபடியாகத் தேறி வரட்டும். திருப்பத்தூர் போகிற வழியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வடகிழக்கு மழைக்குக் கண்மாய் நிறைந்த பிறகு போக வேண்டும், நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை சரியான காலம். நத்தைக்குத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும், மரமே வெள்ளையாகத் தெரியும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. குஞ்சு மிரளும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளே சொல்வார்கள். காலை ஏழு மணிக்குக் கரையில் நிற்கிற மாதிரி போனால் பத்து மணிக்குப் பிள்ளையார்பட்டி போய்விடலாம், மத்தியானச் சாப்பாட்டைத் திருப்பத்தூரில் முடித்துக்கொண்டு வெயிலோடு திரும்பிவிடலாம். அந்த நேரத்தில் பாட்டியும் காரில் உட்கார்ந்து வருகிற அளவுக்குத் தேறியிருந்தால் கூட்டிப் போங்கள், கரை வரைக்கும் ரோடு இருக்கிறது, இறங்காமலே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.